சாசேஜும் காயும் போட்ட பாஸ்தா: ராத்திரி எட்டு மணிக்குள்ள முடியுமா?

கேடிசி நகர்க்காரி | பாளையங்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிஞ்சு பஸ் பிடிச்சு வீடு வந்து சேர ஏழேகால் ஆயிருது. எட்டு மணிக்குத் தட்டு வைக்கணும். தாண்டினா சின்னவன் பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துருவான். ஃப்ரீசர்ல 250 கிராம் சிக்கன் சாசேஜ் பாக்கெட் கெடக்கு, அரைக் கிலோ பென்னே பாஸ்தா இருக்கு. காய்னு பாத்தா மகாராஜநகர் உழவர் சந்தையில வாங்கினதுதான்: கேரட், பீன்ஸ், ஒரு பீர்க்கங்காய், குடைமிளகாய் ஒண்ணு, தக்காளி, சின்ன உள்ளி. ப்ரோக்கோலி, சுக்கினின்னு நான் தேடிப் போகப் போறதில்ல.

நிபந்தனைதான் நிறைய. அத்தை கறி தொட மாட்டாவ. அவுகளுக்கும் இதுலயே ஒரு பங்கு எடுத்து வைக்கணும். பெரியவளுக்குக் காரம் வேணும், சின்னவனுக்கு ஆகாது. அடுப்பு ரெண்டே பர்னர். யூடியூப்ல பாத்தா ஒரு பக்கம் கிரீமும் சீஸுமா கொட்டுதாவ, இன்னொரு பக்கம் கரம் மசாலா, சில்லி சாஸ், சோயா சாஸ் மூணையும் ஊத்திப் பாஸ்தாவை நூடுல்ஸ் ஆக்கிருதாவ. ரெண்டும் வேண்டாம். எதை முதல்ல வைக்க, எதைப் பெறவு வைக்கன்னு யாராவது வரிசையாச் சொல்லுங்க.

பச்சைமிளகா | தச்சநல்லூர்

தோசை மாவு இல்லையாக்கா?

கேடிசி நகர்க்காரி

மாவு இருந்தா இங்கன வந்து கேப்பேனா தம்பி.

அடுக்களை அண்ணாச்சி | பாவூர்சத்திரம்

நேரத்தைத் தின்னுதது பாஸ்தாவும் இல்ல, சாசேஜும் இல்லம்மா. தண்ணி கொதிக்கிறதுதான். செருப்பைக் கழட்டினதும், முகம் கழுவுததுக்கு முன்னாடியே, பெரிய பாத்திரத்துல இரண்டரை லிட்டர் தண்ணிய மூடி போட்டு அடுப்புல ஏத்திருங்க. கரண்ட் கெட்டில் இருந்தா பாதிய அதுல சுட வச்சு ஊத்துங்க, அஞ்சு நிமிசம் மிச்சம். பாஸ்தா 250 கிராம் எடுத்தா காயும் சாசேஜும் சேந்து உங்க அஞ்சு பேருக்குத் தாராளம். இத்தாலிக்காரங்க கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு. ஆனா சாசேஜுலயே உப்பு கனமா இருக்கும். அதனால இரண்டரை லிட்டருக்கு 15 கிராம் போதும். தூள் உப்புன்னா மேசைக்கரண்டி தலைதட்டி ஒண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. தண்ணியில உப்பு போடாம கடைசியில மேல தூவுனா பாஸ்தா உள்ள சப்புன்னுதான் இருக்கும், அதை எந்தச் சாஸும் சரிக்கட்டாது.

தண்ணி கொதிக்குததுக்குள்ள ரெண்டாவது பர்னர்ல சின்ன வாணலி. சாசேஜை ஒரு பெருவிரல் கனத்துக்குச் சாய்வா நறுக்கி, ஒரு கரண்டி கடலெண்ணெய் விட்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பரப்புங்க. ரெண்டு நிமிசம் கரண்டி போடவே கூடாது. அடிப்பக்கம் செவந்ததும் திருப்பிப் போட்டு இன்னொரு ரெண்டு நிமிசம். நம்ம ஊருல ஃப்ரீசர்ல விக்கிற சாசேஜ் பெரும்பாலும் ஏற்கனவே வெந்ததுதான். பாக்கெட்டுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துக்கிடுங்க. வெந்ததுன்னா நீங்க வேக வைக்கல, செவக்க வைக்குதிய, அம்புட்டுதான். அந்தச் செவப்புதான் ருசி. எடுத்து ஒரு தட்டுல வச்சுருங்க. வாணலியைக் கழுவிராதிய, சோலி இருக்கு.

இப்ப அதே பர்னர்ல பெரிய சருவச்சட்டி. எண்ணெய், தட்டுன பூண்டு ஆறு பல்லு, ரெண்டா நறுக்குன சின்ன உள்ளி ஒரு கை. உள்ளி வதங்கினதும் குடைமிளகாய், பீர்க்கங்காய். பீர்க்கு தண்ணி விடும், அதனால தீயைக் கூட்டியே வச்சுக்கிடுங்க. பைய வதக்குனா கூட்டு ஆயிரும். சுக்கினி இல்லையேன்னு வருத்தப்பட ஒண்ணுமில்ல. பீர்க்கு, சுரை, சுக்கினி எல்லாம் ஒரே குடும்பந்தான், பிஞ்சா இருந்தாப் போதும். நாலு தக்காளியைக் கையாலயே பிசைஞ்சு விடுங்க. நாட்டுத் தக்காளின்னா புளிப்பு தூக்கலா இருக்கும், ஒரு சிட்டிகை சீனி.

கேரட்டும் பீன்ஸும் சட்டிக்கே போக வேண்டாம். பாஸ்தா வேகுற தண்ணியிலயே கடைசி நாலு நிமிசத்துல போட்டிருங்க. பாஸ்தாவோட சேந்து வடிபடும். ஒரு பாத்திரம் மிச்சம், நிறமும் போகாது.

பாக்கெட்டுல 11 நிமிசம்னு போட்டிருந்தா 9 நிமிசத்துல வடிங்க. வடிக்கும்போது பெரிய தம்ளர்ல ஒரு தம்ளர் தண்ணி பிடிச்சு வச்சுக்கிடணும், இதுதான் முக்கியம். சோத்து வடிகஞ்சி மாதிரி மாவுச்சத்து கலந்த தண்ணி அது. பாஸ்தாவைச் சருவச்சட்டியில தட்டி, அரைத் தம்ளர் அந்தத் தண்ணிய விட்டு, தீயைக் கூட்டி ரெண்டு நிமிசம் பிரட்டுனா தக்காளியும் எண்ணெயும் தண்ணியும் ஒண்ணாச் சேந்து பாஸ்தா மேல ஒட்டும். கிரீமே வேண்டாம்.

இந்த இடத்துல அத்தைக்கு எடுத்து வச்சுருங்க. பெறவு சாசேஜ் வறுத்த வாணலியில ஒரு கரண்டி வடிதண்ணிய விட்டு, அடியில ஒட்டினதைச் சுரண்டி, சாசேஜோட சேத்துச் சட்டியில கொட்டுங்க. சின்னவனுக்கு ஒரு தட்டு. மிச்சத்துக்கு மேல இடிச்ச வத்தலும் நல்லமிளகும். எட்டு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கும்.

கேடிசி நகர்க்காரி

அண்ணாச்சி, பீன்ஸைப் பாஸ்தாத் தண்ணியிலயே போடுதது எனக்குத் தோணவே இல்ல. அத்தைக்குக் கரண்டியும் தனியாத்தான் வைக்கணும், அதை நான் பாத்துக்கிடுதேன்.

ஒரு சந்தேகம். வடிச்சதும் பச்சைத் தண்ணியில அலசி, எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுதாவளே எல்லாரும்? எங்க பக்கத்து வீட்டு மதினி அப்படித்தான் செய்யுதா.

மஸ்கட் மக்கா | வள்ளியூர், இப்ப மஸ்கட்

அலசாம வச்சா ஒட்டிக்கிடும்லா? நானும் அலசத்தான் செய்யுதேன்.

அடுக்களை அண்ணாச்சி

ஒட்டிக்கிடும்தான். எப்ப? வடிச்சு வச்சுட்டு வேற சோலி பாத்தா. அதுக்குத்தான் சட்டி முதல்ல தயாரா இருக்கணும்னு சொல்லுதேன். வடிச்ச கையோட சட்டிக்குப் போயிரணும். அலசுனா மேல இருக்கிற மாவுச்சத்து போயிரும், எண்ணெய் தடவுனா வழுக்கும். அப்புறம் தக்காளியெல்லாம் தட்டுல தேங்கிக் கெடக்கும், பாஸ்தா தனியா வெளுத்துக் கெடக்கும். ஆறவச்சுச் சாலட் போடுதியன்னா அலசுங்க, நான் கேக்கமாட்டேன்.

மஸ்கட் மக்கா

சரி அண்ணாச்சி, அலசலை விட்டாச்சு. ஆனா இவ்வளவு பாத்திரம் என்னத்துக்கு? ரூம்ல நாங்க நாலு பேரு, அடுப்பு ஒண்ணு. குக்கர்ல எண்ணெய், உள்ளி, தக்காளி, சாசேஜ், காய் எல்லாம் வதக்கி, பாஸ்தா போட்டு, மூழ்குற அளவு தண்ணி ஊத்தி ஒரு விசில். பிரஷரைக் கரண்டியால தூக்கி விட்டுத் திறந்தா முடிஞ்சுது. கூட்டாஞ்சோறும் இப்படித்தானே வைக்கோம்?

திசையன்விளை டீச்சர் | திசையன்விளை

தம்பி, கூட்டாஞ்சோறு குழையணும். பாஸ்தா குழையக் கூடாது. அங்கேயே கணக்கு தப்பிவிட்டது.

அடுக்களை அண்ணாச்சி

டீச்சர் சொன்னது சரி. அதோட பாஸ்தா நல்லா நுரைக்கும். நுரை ஏறி விசில் போற வழியை அடைச்சா ஆபத்து. குக்கர்தான்னு இருந்தா பாதிக்கு மேல நிரப்பக் கூடாது, ஒரு கரண்டி எண்ணெய் அதுல இருக்கணும், வெயிட்டைக் கரண்டியால தூக்குத வேலையெல்லாம் வேண்டாம், நுரை பீச்சி அடிக்கும். ஒரே பாத்திரந்தான் வேணும்னா அகலமான சட்டியில, மூழ்குற அளவு தண்ணியில, திறந்து வச்சே கிண்டிக்கிட்டு வேக வைங்க. தண்ணி வத்தும்போது அதுவே சாஸ் ஆயிரும். ஆனா அந்தத் தண்ணி முழுக்கப் பாஸ்தாவுலயே நிக்கும், அதனால உப்பு பாதிக்கும் கீழ. சாசேஜை மட்டும் முதல்ல செவக்க வச்சு எடுத்துட்டுக் கடைசியில போடுங்க; கூடவே வெந்தா ரப்பர் மாதிரி ஆயிரும்.

மேலப்பாளையம் ராத்தா | மேலப்பாளையம்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சாசேஜ் பாக்கெட் வாங்குறதையே குறைச்சுட்டேன். ஹலால் முத்திரை பாக்கணும், சாசேஜைச் சுத்தியிருக்கிற உறை எதுல செஞ்சதுன்னு பாக்கணும், வாங்கினாலும் கறியைவிட மாவு ருசிதான் தூக்கலா இருக்கு. அதுக்குப் பதிலா கைமாவுலயே சாசேஜ் ருசியைக் கொண்டு வந்துரலாம்.

அமெரிக்காவுல இத்தாலியன் சாசேஜ்னு விக்கிறதுக்கு வாசனையே பெருஞ்சீரகம்தான். பச்சைக் கறியில பெருஞ்சீரகம், பூண்டு, மிளகு, வத்தல். நம்ம அடுக்களையில இல்லாதது எது? இத்தாலியில பாஸ்தாவுக்குப் போடும்போது பல வீட்டுல மேல இருக்கிற குடல் உறையை உரிச்சுட்டு உள்ள இருக்கிற கறியை உதிர்த்துத்தான் வறுப்பாங்க. அப்ப உறையே நமக்கு வேண்டாம்தானே?

250 கிராம் கைமா. கோழியோ, ஆடோ, மாடோ உங்க இஷ்டம். பெருஞ்சீரகம் ஒன்றரை டீஸ்பூன் லேசா வறுத்து உரல்ல ஒண்ணும் பாதியுமா இடிக்கணும், தூளாக்கிராதீங்க. நல்லமிளகு அரை டீஸ்பூன், வத்தல் மூணு, பூண்டு அஞ்சு பல்லு, உப்பு முக்கால் டீஸ்பூன். எல்லாத்தையும் கைமாவோட போட்டுப் பிசையணும். உப்பு சேந்து பிசையப் பிசையக் கறி பசை மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும், அதுதான் பதம். காலையில பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுப் போனா ராத்திரிக்கு வாசனை நல்லா ஊறியிருக்கும். நெல்லிக்காய் அளவுக்குப் பிய்ச்சுப் போட்டு, கரண்டியால லேசா அமுக்கி, நாலு பக்கமும் முறுக வறுங்க. இது பச்சைக் கறி, பாக்கெட் சாசேஜ் மாதிரி இல்ல. உள்ள செவப்பு தெரியவே கூடாது, முழுக்க வேகணும்.

இஞ்சி போடாதீங்க, மல்லித்தூள் போடாதீங்க, கரம் மசாலா கிட்டயே போகாதீங்க. போட்டா கைமா வறுவல் ஆயிரும். அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுக்குப் பரோட்டா இருக்கே.

பச்சைமிளகா

ராத்தா, கோழிக்கடையில கைமா போட்டுத் தருவாங்களா? எங்க தெருவுல கேட்டா ஒரு மாதிரி பாக்காங்க.

மேலப்பாளையம் ராத்தா

போடமாட்டாங்கன்னா எலும்பில்லாத தொடைக்கறி வாங்கி வீட்டுல மிக்ஸியில விட்டு விட்டு ஒரு நாலு சுத்து. ஓட விட்டுராதீங்க வாப்பா, சாந்தாப் போயிரும். கறி நல்லாக் குளுந்து இருந்தா சீரா அரைபடும். நெஞ்சுக்கறி வேண்டாம், கொழுப்பு இல்லாம வறண்டு போகும்.

அடுக்களை அண்ணாச்சி

ராத்தா எழுதினதுதான் இந்த இழையிலயே உருப்படியான விசயம். பெருஞ்சீரகம் இடிச்சுப் போடணும்கிறது ரொம்பச் சரி. பாக்கெட் சாசேஜ்தான்னு இருக்கிறவங்களும் வறுக்கும்போது எண்ணெயில அரை டீஸ்பூன் இடிச்ச பெருஞ்சீரகம் போட்டுப் பாருங்க, பாக்கெட் வாசனை அடங்கிரும்.

சொதிக்காரன் | திருநெல்வேலி டவுண்

எல்லாம் தக்காளி தக்காளின்னே பேசுதிய. வெள்ளையா வேணும்னா என்ன செய்வியவே? மைதாவை வெண்ணெயில வறுத்துப் பால் ஊத்துததெல்லாம் நம்மளுக்குச் சரிப்படாது. தேங்காப்பால்ல காய் போட்டு வைக்கிற சொதி இருக்க ஊருல கிரீமுக்கு எதுக்கு அலையணும்?

ஒரு மூடித் தேங்காயில முதல் பால் ஒரு தம்ளர் தனியா எடுத்து வச்சிரும். ரெண்டாம் பால்ல கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் போட்டு வேக வைக்கணும். பாஸ்தாவுல முருங்கைக்காயை வச்சு யாரும் சப்ப மாட்டாவ, அதனால உள்ள இருக்கிற சதையை மட்டும் வழிச்சுப் போடும். பச்சமிளகாய் கீறினது மூணு, இஞ்சிச் சாறு ஒரு கரண்டி. குழைய வெந்த பாசிப்பருப்பு ரெண்டு கரண்டி, கெட்டிப்பட அது போதும். வெந்த பாஸ்தாவைப் போட்டு ஒரு கொதி. அப்புறம் தீயைத் தணிச்சு முதல் பால். முதல் பாலைக் கொதிக்க விட்டா திரிஞ்சு எண்ணெய் பிரிஞ்சுரும். அடுப்பை அணைச்சு, சூடு கொஞ்சம் தணிஞ்ச பெறவு எலுமிச்சம்பழச் சாறு. சொதிக்குச் சொன்ன அதே விதி, சோத்துக்குப் பதிலா பாஸ்தா.

அந்த அம்மாவோட அத்தைக்கு இதுதான் சரி. சாசேஜ் இதுக்குள்ள வரப்படாது. கறி போட்டா அது சொதியே இல்ல.

மேலப்பாளையம் ராத்தா

அண்ணே, பாஸ்தா போட்டப்பவே அது சொதி இல்லையே! தேங்காப்பால்ல கறி போடுறது எங்க வீட்டுல அன்னாடம் நடக்கிறது. யாரும் கெட்டுப் போகல.

சொதிக்காரன்

ராத்தா, உங்க ஆணத்துல நான் தலையிடல. மூணாம் நாள் மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற சொதியில கறி போட்டாப் பந்தியில இருந்து எந்திரிச்சுருவாவன்னு சொல்லுதேன்.

பச்சைமிளகா

இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வச்சா நான் எந்திரிக்க மாட்டேன் அண்ணாச்சி. பாஸ்தாவா இருந்தாலும்.

மட்டுறுத்துநர்

சொதியில் கறி போடலாமா என்ற விவாதத்துக்கு ஏற்கனவே தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடவும். பிராண்டு பெயர்களையும் தவிர்க்கவும்.

மருந்துக்கடை | அம்பாசமுத்திரம்

ரெசிபியில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவதால் இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உடனே ரெண்டும் ஒரே அளவு ஆபத்து என்று வாட்ஸப்பில் பரப்பிவிட்டார்கள்; அது தப்பு. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு காட்டும், ஆபத்தின் அளவை அல்ல. அத்தை நீங்கலாக 250 கிராமை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 60 கிராம் சொச்சம் வருகிறது. ‘தினமும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்பவாவது சாப்பிடுவது எப்பவாவதாகவே இருக்கட்டும். டிபன் பாக்ஸில் அன்றாடம் சாசேஜ் வைக்காதீர்கள். ராத்தா சொன்ன கைமா என்றால், இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கிற நைட்ரைட் உப்பின் பேச்சே இல்லை.

இன்னொன்று, ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது சரிப்படாது. காலையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் சாயங்காலம் தயாராக இருக்கும். மறந்துபோனால், கவர் பிரிக்காமல் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். உருகியதை மறுபடி ஃப்ரீசருக்குள் தள்ள வேண்டாம்.

கேடிசி நகர்க்காரி

நேத்து அண்ணாச்சி சொன்ன வரிசையில வச்சேன். எட்டு அடிக்கும்போது எல்லாரும் தட்டு முன்னாடி. தண்ணியை முதல்ல ஏத்துததுலதான் சூட்சுமமே இருக்கு, மத்ததெல்லாம் தானா நடக்கு. அத்தை ஒரு வாய் வச்சுட்டு, “நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் எடு”ன்னாவ. ஊறுகாயோட முழுசாச் சாப்பிட்டாவ, எனக்கு அது போதும்.

பெரியவ சீஸ் கேக்கா. வீட்டுல கட்டிச் சீஸ்தான் இருக்கு, அந்தச் சின்னக் கட்டி. போடலாமா?

அடுக்களை அண்ணாச்சி

போடலாம். அடுப்பை அணைச்ச பெறவு துருவிப் போடுங்க, அந்தச் சூடே போதும். ஒரு கட்டிக்கு மேல போனா உப்பு ஏறிரும். இத்தாலியில தெக்க வசதி இல்லாத வீடுகள்ல சீஸுக்குப் பதிலா பழைய ரொட்டித் தூளை எண்ணெயில முறுக வறுத்து மேல தூவியிருக்காங்க, அது இன்னைக்கும் உண்டு. வீட்டுல மிஞ்சுற பிரெட் ஓரத்தை உதிர்த்து, கடலெண்ணெயில பூண்டோட வறுத்துத் தூவிப் பாருங்க. மொறுமொறுன்னு இருக்கும். இனிப்பு பிரெட் வேண்டாம்.

எண்ணெய் பத்தியும் கேக்க ஆரம்பிச்சிருவிய, அதனால இப்பவே சொல்லிருதேன். ஆலிவ் எண்ணெய் இருந்தா கடைசியில ஒரு கரண்டி மேல விடுங்க, வதக்க கடலெண்ணெயே போதும். நல்லெண்ணெய் வேண்டாம், அது வாசனையால எல்லாத்தையும் அமுக்கிரும்.

திசையன்விளை டீச்சர்

இவ்வளவு பேர் எழுதியும் கீரையை யாரும் பேசவில்லை! தெற்கு இத்தாலியில் புலியா என்ற பகுதியில் காதுமடல் மாதிரிக் குழிந்த ஒரு பாஸ்தா உண்டு. அதைக் கசப்புள்ள ஒரு கீரையோடும் பூண்டோடும் பிரட்டுவார்கள். சாசேஜ் சேர்ப்பவர்களும் உண்டு. அந்தக் கீரைக்கு நாம் எங்கே போவது? எங்கள் பக்கம் முருங்கை இல்லாத வீடே கிடையாது, ருசியும் பொருந்துகிறது.

உருவின முருங்கைக்கீரை ரெண்டு கை. தக்காளி வேண்டாம். எண்ணெயில் பூண்டு கொஞ்சம் கூடுதலாகவே, கிள்ளின வத்தல் ரெண்டு, பிறகு பாஸ்தாவும் வடிதண்ணீரும் சட்டிக்கு வரும்போது கீரை. ரெண்டு நிமிடம்தான். முதலிலேயே போட்டால் கறுத்துக் கசந்து போகும். பிறகு செவந்த சாசேஜ், இறக்கும்போது எலுமிச்சை ரெண்டு சொட்டு. தக்காளி விலை ஏறுகிற மாதத்தில் எங்கள் வீட்டில் இதுதான்.

கீரை உருவ நேரம் ஏது என்று கேட்பீர்கள். முந்தின நாள் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே உருவி, துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பாஸ்தா வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். டியூரம் கோதுமை ரவை என்று இருந்தால் கடிக்கப் பதமாக நிற்கும். மைதா என்று இருந்தால், அண்ணாச்சி சொன்ன ஒன்பது நிமிடம்கூட அதற்கு அதிகம். ஆறாவது நிமிடத்திலிருந்தே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். மளிகைக் கடையில் உதிரியாகக் கட்டித் தருகிற மக்ரோனியில் எது என்றே தெரியாது. அதற்கும் கடித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

மஸ்கட் மக்கா

டீச்சர், இங்க முருங்கைக்கீரை ஒரு சின்னக் கட்டு என்ன விலைன்னு தெரியுமா? பாலக்கீரை போடலாமா?

திசையன்விளை டீச்சர்

போடுங்கள். பாலக்கீரை நிறையத் தண்ணீர் விடும், அதனால் வடிதண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது எங்கள் கொல்லையிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஒடித்துக்கொண்டு போங்கள்.

பச்சைமிளகா

மிஞ்சினதைக் காலேஜுக்குக் கட்டிக்கிட்டுப் போலாமா? ராத்திரி அப்படியே சட்டியில மூடி வச்சா காலையில ஆயிரும்லா? பழைய சோறு அப்படித்தானே வைக்கோம்.

மருந்துக்கடை

கூடாது தம்பி. சோறு, பாஸ்தா மாதிரி மாவுச்சத்துப் பண்டத்தை வெளியில் வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடுகிற நச்சு காலையில் சூடாக்கினாலும் போகாது. பழையதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம், அதன் கதையே வேறு. அதிலும் இதில் சாசேஜ் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும், ரெண்டு மணி நேரம் தாண்டாமல், அகலமான டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலையில் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கட்ட வேண்டும்.

கேடிசி நகர்க்காரி

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா கட்டியா இறுகிக் கெடக்கே அண்ணாச்சி, அதை எப்படிச் சூடாக்க?

அடுக்களை அண்ணாச்சி

கட்டப்போறோம்னு முன்னாடியே தெரிஞ்சா அந்தப் பங்கை இன்னும் ஒரு நிமிசம் முன்னாடியே எடுத்து வச்சுருங்க, ராத்திரி முழுக்க அது சாறை இழுத்து ஊறும்லா. வடிதண்ணியும் கால் தம்ளர் ஒரு டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலையில வாணலியில அந்தத் தண்ணிய முதல்ல கொதிக்க விட்டு, அதுல பாஸ்தாவைப் போட்டு மூடி ரெண்டு நிமிசம், பெறவு திறந்து பிரட்டுங்க. கரண்டியால குத்திப் பிரிக்காதிய, உடைஞ்சிரும். சூடு ஏற ஏற அதுவே பிரியும். ஆவி வந்ததும் இறக்கி, கொஞ்சம் ஆற விட்டு டப்பாவுல போடுங்க. சுடச்சுட மூடுனா வேர்த்து நசநசன்னு ஆயிரும்.